வாய்க்கால் முதலில் தான் குடிக்கும்: ஒரு முறைப்பாசன சிமுலேஷன் பற்றிய நிகழ்வு ஆய்வு

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றிலிருந்து பிரியும் ஒரு பி வாய்க்காலுக்காக (கிளை வாய்க்கால்) 2024இல் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் ஒரு சிமுலேஷனும் (தண்ணீர் ஓடுவதைக் கணினியில் நடத்திப் பார்க்கும் கணக்கு), அதைப் போனில் பார்க்க ஒரு வெப் ஆப்பும் எழுதினோம். அது எங்கே தவறியது, எங்கே உதவியது என்பதைப் பதிவு செய்கிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன. தண்ணீர்த் தகராறு இன்னும் முழுதாக ஓயாத இடம் அது.

பின்னணி

2023இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இலேயே திறந்தார்கள். அதை நம்பிக் குறுவை போட்டவர்கள் நிறைய. அப்புறம் வரத்து குறைந்தது, ஆறுகளிலேயே முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், அக்டோபர் 10ஆம் தேதி அணையை மூடினார்கள். கடைமடையில் பயிர் கருகியதை எல்லோரும் பார்த்தோம்.

நாங்கள் எடுத்துக்கொண்ட வாய்க்கால் சுமார் 9 கிலோமீட்டர். அதிலிருந்து ஏழு சி வாய்க்கால்கள் (இன்னும் சிறிய கிளைகள்) பிரிகின்றன. நான்கு ஊர்கள், ஏறக்குறைய 900 ஏக்கர், பழைய கணக்கில் 135 வேலி. தலைப்பு ஷட்டரில் நல்ல நாளில் நொடிக்கு 20 கன அடி வரும். ஆற்றில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாய்க்காலுக்குள் ஒரு முறை உண்டு: மேல் இரண்டு ஊருக்கு மூன்று நாள், கீழ் இரண்டு ஊருக்கு மூன்று நாள். காகிதத்தில் சரிபாதி.

ஆனால் கீழ் ஊர்க்காரர்கள் தங்கள் முறையின் முதல் நாளில் தண்ணீரைப் பார்த்ததே இல்லை என்றார்கள். மேல் ஊரில் ராத்திரியில் மதகைத் திறந்துவிடுகிறார்கள் என்பது இவர்கள் புகார். கீழே தண்ணீரைத் தேக்கத் தெரியாமல் வடிகாலில் விட்டுவிடுகிறார்கள் என்பது அவர்கள் புகார். இரண்டிலும் பாதி உண்மை இருந்தது, அதனால்தான் பேச்சு ஒருநாளும் முடியவில்லை.

குழுவில் ஆறு பேர். நான் சென்னை நிறுவனம் ஒன்றின் வேலையை ஊரிலிருந்தே செய்பவன். ஒரு கல்லூரியில் சிவில் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர், அவருடைய கடைசி ஆண்டு மாணவர்கள் இருவர். முப்பது வருடம் ஷட்டர் பார்த்து ஓய்வு பெற்ற லஸ்கர் ஒருவர். எங்களுக்கு அவர் பெரியப்பா. கீழ் ஊரில் 12 மா, அதாவது நாலு ஏக்கர், சொந்தமாகப் பயிரிடும் ஒரு அக்கா ஆறாவது ஆள். இவர்களில் வாய்க்கால் தெரிந்தவர்கள் இருவர், ரஸ்ட் தெரிந்தவன் ஒருவன்.

ஏன் இந்த மொழி

உண்மையான முதல் காரணம், எனக்குத் தெரிந்த மொழி அது. மற்ற காரணங்களைப் பிறகு சேர்த்துக்கொண்டோம் என்றாலும் அவை பொய்யல்ல. ஒரே கணக்கை லேப்டாப்பிலும் ஓட்டலாம், வெப்அசெம்பிளியாக (பிரவுசருக்குள் ஓடும் நிரல் வடிவம்) மாற்றி பிரவுசரிலும் ஓட்டலாம். கணக்கு முழுவதும் போனிலேயே நடப்பதால் சர்வர் வாடகை இல்லை. ஒருமுறை திறந்துவிட்டால், டவர் கிடைக்காத வயல்வெளியிலும் வேலை செய்யும்படி வைக்கலாம்.

அலகுக் குழப்பமும் ஒரு காரணம். ஆசிரியர் கன மீட்டரில் பேசுவார், பெரியப்பா கன அடியில், அக்கா மாவில். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. ஒரு இடத்தில் மாற்ற மறந்தால் போதும், கணக்கே காலி. ரஸ்டில் ஒவ்வொரு அலகுக்கும் தனி வகை வைத்துவிட்டால் கன அடியையும் கன மீட்டரையும் கூட்டும் வரியை, நிரலைச் சரிபார்த்து ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் ஏற்காது. இந்த ஒரு விஷயத்தில் அது எங்களைக் கடைசி வரை காப்பாற்றியது.

பெயரைப் பற்றி ஒன்று. 2006இல் கிரேடன் ஹோர் இதைத் தொடங்கியபோது மனதில் வைத்திருந்தது இரும்புத் துரு அல்ல, செடிகளில் வரும் துருப் பூஞ்சை. எப்படியும் பிழைத்துக்கொள்ளும் உயிர் என்பதால். இதைச் சொன்னதும் அக்கா, "கடலையில வருமே துரு நோய், அதா? அதையா தம்பி கொண்டாந்து வாய்க்கால்ல விடுறீங்க?" என்றார். திட்டத்துக்குக் கடைசி வரை "துரு" என்ற பெயரே நின்றுவிட்டது.

நிரலை எம்ஐடி, அப்பாச்சி 2.0 என்ற இரட்டைத் திறமூல உரிமத்தில் வெளியிட்டோம். ரஸ்ட் உலகில் அதுதான் வழக்கம்.

முதல் வடிவம்: ஜனவரி முதல் ஏப்ரல் 2024 வரை

வாய்க்காலைப் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டைக் கைகாட்டும், மதகு இரண்டு பக்கத்தையும் கைகாட்டும். இப்படி ஒன்றையொன்று சுட்டும் அமைப்பை ரஸ்டில் எழுதும்போது கடன் விதிகள் முட்டுக்கட்டை போடும்: ஒரு பொருளை ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதைத் தொடக்கூடாது. நான் இந்தச் சோதனையை நிரல் ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போட உதவும் ஆர்சி, ரெஃப்செல் இரண்டையும் போட்டு விதியைச் சுற்றிக்கொண்டு போனேன். கம்பைல் ஆனது. ஓடும்போது மதகைத் திறந்தால் "ஏற்கெனவே கடன் வாங்கப்பட்டுள்ளது" என்று விழுந்தது. பிரவுசரில் அந்தச் செய்தி கூட இல்லை, வெறும் வெள்ளைத் திரை. நிரல் விழும்போது வரும் பேனிக் செய்தியைப் பிரவுசரின் கன்சோலுக்குத் திருப்பிவிடும் சிறு நிரல் நூலகத்தைச் சேர்த்த பிறகுதான் காரணமே தெரிந்தது.

கடைசியில் எல்லாத் துண்டுகளையும் ஒரே வெக்டரில் (பட்டியலில்) வைத்து, "அடுத்தது 7ஆம் எண்" என்று எண்ணால் மட்டும் சுட்டினோம். மாணவி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, "இதத்தான சார் மதகு நம்பர்னு பெரியப்பா நோட்டுல எழுதி வச்சிருக்காரு?" என்றாள். அதேதான். மூன்று வாரம் முன்பே அந்த நோட்டைப் புரட்டியிருக்கலாம்.

திரையில் வேறொரு தொல்லை. எல்லாவற்றையும் ஒரே கேன்வாஸில் வரையும் ஜியுஐ (திரை முகப்பு) நூலகம் ஒன்றை எடுத்திருந்தோம். அதற்கு எழுத்துகளை வரிசையாக வைக்கத் தெரியும், கோக்கத் தெரியாது. "தெற்கு" என்று எழுதினால் கொம்பு தகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. படிக்கவே முடியவில்லை. எழுத்தைப் பிரவுசரிடமே விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்: கணக்கு மட்டும் ரஸ்டில், படமும் எழுத்தும் சாதாரண எச்டிஎம்எல், எஸ்விஜியில். கோப்பின் எடையும் இதனால் பாதிக்கு மேல் குறைந்தது. பழைய ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு எழுத்தைவிட இதுதான் பெரிய விஷயம்.

தண்ணீர் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகும் கணக்குக்கு மஸ்கிங்கம் முறை. 1930களில் அமெரிக்காவின் மஸ்கிங்கம் ஆற்று வெள்ளத்துக்காக உருவானது, சிவில் பாடத்தில் எல்லோரும் படிப்பது. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு எண்கள்: தண்ணீர் கடக்க ஆகும் நேரம், அலை எவ்வளவு பரவும் என்பதைச் சொல்லும் ஒரு பின்னம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கணக்கிடுவது என்று வைத்தோம். ஒரு மணி நேரம் ஏன்? பெரியப்பாவின் பழைய குறிப்புகள் மணிக்கணக்கில் இருந்தன, அவ்வளவுதான்.

மே மாதக் கூட்டம்: இருபது விட்டால் இருபத்திரண்டு

மே மாதம் கோயில் மண்டபத்தில் நாற்பது பேர் கூடினார்கள். டிவியில் லேப்டாப்பை இணைத்துக் காட்டினோம். தலைப்பில் 20 கன அடி திறந்தால் ஐந்து மணி நேரத்தில் கடைசி மதகில் தண்ணீர். கீழ் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது பெரியப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, தலைப்புல எவ்வளவு விட்டிய?"

"இருபது பெரியப்பா."

"அந்த மொத துண்டு முடியுற எடத்துல என்னா போட்டிருக்கு?"

22.6 என்று போட்டிருந்தது.

"இருபது விட்டா இருபத்திரண்டரை வருதா? அப்ப இந்த வாய்க்கால எடுத்துட்டுப் போயி மேட்டூர்லயே வச்சிடலாமே!"

மண்டபமே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மாதமாக அந்த எண்ணை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், வாசிக்கவில்லை.

காரணம் அன்றிரவே கிடைத்தது. மஸ்கிங்கம் கணக்கில் கால இடைவெளிக்கு ஒரு வரம்பு உண்டு. தண்ணீர் துண்டைக் கடக்கும் நேரம் 20 நிமிடம், பின்னம் 0.2 என்றால், இடைவெளி 8 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, 32 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. நாங்கள் வைத்திருந்தது 60. அதனால் மூன்று கெழுக்களில் ஒன்று மைனஸ் 0.3 ஆகிவிட்டது. கெழுக்களின் கூட்டுத்தொகை ஒன்றாகத்தான் இருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தப்பு தெரியாது. ஆனால் ஷட்டரைத் திறந்ததும் முதல் மணியில் 11.3, இரண்டாவது மணியில் 22.6 என்று எகிறும். மூடினால் 8.7க்கு இறங்கி, அடுத்த மணியில் மைனஸ் 2.6 ஆகும். வாய்க்காலில் தண்ணீர் பின்னோக்கி ஓடுவதாக அர்த்தம்.

அந்த மைனஸ் ஏன் எங்கள் கண்ணில் படவில்லை? மார்ச் மாதம் ஒரு மாணவன் அதைப் பார்த்திருக்கிறான், "பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியம்" என்று ஒரே வரியில் சரி செய்திருக்கிறான். அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டவன் நான்தான். மைனஸை வெட்டி எறிந்தால் இல்லாத தண்ணீர் பிறக்கிறது: ஒவ்வொரு முறை மூடும்போதும் ஒரு துண்டுக்கு ஏழாயிரம் கன அடிக்கு மேல். எல்லாம் கீழே போய்ச் சேரும். கடைமடைக்கு நாங்கள் கொடுத்த நல்ல செய்தியில் ஒரு பகுதி இப்படிப் பிறந்த தண்ணீர்தான்.

கம்பைலர் ஒரு எச்சரிக்கை கூடத் தரவில்லை. தரவும் முடியாது. கன அடியும் கன அடியும் கழிந்து கன அடி வருகிறது, வகை சரி. தண்ணீர் தானாகப் பிறக்காது என்பதை நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அப்போது எடுத்த முடிவுகள்

அந்த ஒரு வரியை நீக்கினோம். இடைவெளியை 15 நிமிடம் ஆக்கினோம். 15க்கும் ஒத்துவராத மிகக் குட்டையான துண்டுகளை இணைத்ததில் பன்னிரண்டு ஒன்பதாகக் குறைந்தது. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ஒரு வரவு செலவுச் சோதனை வைத்தோம்: உள்ளே வந்தது, வெளியே போனது, தேங்கி நிற்பது, கசிந்தது எல்லாம் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஆப் விடை காட்டாது.

அந்தச் சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. லேப்டாப்பில் ஒரே உள்ளீட்டை இரண்டு தடவை ஓட்டினால் விடை கொஞ்சம் மாறியது, போனில் மட்டும் மாறவில்லை. மதகுகளை ஹாஷ்மேப்பில் (வரிசைக்கு உறுதி தராத ஒரு பட்டியல் வகை) வைத்திருந்தோம். ரஸ்டின் ஹாஷ்மேப் லேப்டாப்பில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு ரகசிய எண்ணை எடுத்துக்கொள்வதால் வரிசை மாறும். நாங்கள் பயன்படுத்திய வெப்அசெம்பிளி இலக்கில் அந்த எண் நிலையானது, அதனால் வரிசையும் நிலையானது. எந்த மதகு முதலில் எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து அடுத்ததற்கு மிச்சம் மாறியது. வரிசை மாறாத பிட்ரீமேப்புக்கு மாற்றினோம். பெரியப்பாவுக்கு இதை விளக்கியபோது அவர் வியப்படையவே இல்லை. யார் முதலில் மதகைத் திறக்கிறார்கள் என்பதுதானே வாய்க்கால் தகராறே!

ஆகஸ்ட்: வாய்க்கால் கரையில் மூன்று இரவுகள்

2024இல் மேட்டூரை ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். மேட்டூர் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள் ஆகும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் பிரிந்து, பாமணியாற்றில் எங்கள் ஷட்டரை எட்ட ஆகஸ்ட் நடுவாகிவிட்டது. அதற்குள் ஐந்து பாலங்களின் சுவரில் அடியும் அங்குலமும் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருந்தோம். திட்டத்தின் மொத்தச் செலவில் கையிலிருந்து போன காசு அதற்கு மட்டும்தான்.

கீழ் முறை தொடங்கிய மூன்று இரவுகள் கரையில் உட்கார்ந்தோம். மாலை ஆறு மணிக்குத் தலைப்பில் 20 கன அடி. திருத்திய சிமுலேஷன் கடைசி மதகுக்கு ஆறு மணி நேரம் என்றது, அதாவது நள்ளிரவு. நள்ளிரவில் நான்காவது பாலத்தில் டார்ச் அடித்தேன். தரையில் வெடிப்பு. வெடிப்புக்குள் நுரையோடு ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் நுழைந்துகொண்டிருந்தது, நிறைந்தது, நின்றது, பிறகு அடுத்த வெடிப்புக்குத் தாவியது. நண்டு வளை ஒன்றில் குமிழி விட்டபடி வெகுநேரம் இறங்கியது. காலை ஒன்பது மணிக்குத்தான் கடைசி மதகில் கோட்டைத் தொட்டது. பதினைந்து மணி நேரம்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வாய்க்கா மொதல்ல தான் குடிக்கும் தம்பி. மீந்தததான் நமக்குக் கொடுக்கும்."

எங்கள் கணக்கில் இல்லாதது இதுதான். மஸ்கிங்கம் முறை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றுக்கானது. மூன்று நாள் காய்ந்து கிடந்த வாய்க்காலுக்கு வயிறு இருக்கிறது. அது நிறைய வேண்டும், தரை நனைய வேண்டும். அத்தோடு ஆகாயத்தாமரை. சுத்தமான மண் வாய்க்காலுக்கு நீரோட்ட வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சமன்பாட்டில் உராய்வு எண் 0.025 போடுவோம், களை மண்டினால் அது இரண்டு மடங்கு, நாலு மடங்கு ஆகும். நாங்கள் தூர்வாரிய வாய்க்காலின் எண்ணை வைத்திருந்தோம். தூர்வாரியது மேல் நான்கு கிலோமீட்டர் மட்டும்.

இன்னொன்றும் அந்த இரவுகளில்தான் புரிந்தது. மேல் பகுதிக்கு இந்த நனையும் செலவு கிடையாது. கீழுக்குப் போகும் தண்ணீர் மேல் வழியாகத்தான் போகிறது, அதனால் அது எப்போதும் ஈரம். கீழ்ப் பகுதி மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக நனைய வேண்டும். 72 மணி நேரத்தில் 15 மணி அதற்கே போகிறது. மேல் ஊர் மதகுகளிலும் கசிவு இருந்தது, மூன்று ஷட்டர்கள் முழுதாக இறங்கவில்லை. ஆனால் கீழ் ஊர்க்காரர்கள் திருட்டு என்று நினைத்ததில் பெரும்பங்கு வாய்க்கால் குடித்ததுதான்.

ஆசிரியர் பஞ்சாப், அரியானா பக்கத்து வாராபந்தி முறையைச் சொன்னார். அங்கே ஒருவருடைய முறை நேரத்தில் வாய்க்கால் நிறைய ஆகும் நேரத்துக்கு "பராய்" என்று தனியாகச் சேர்த்துக் கொடுப்பார்கள், வடியும் நேரத்துக்கு "ஜராய்" என்று கழிப்பார்கள். நம் பக்கத்தில் எழுத்தில் அப்படி ஒன்று இல்லை. சிமுலேஷனில் ஒவ்வொரு துண்டுக்கும் "வயிறு" என்று ஓர் அளவைச் சேர்த்தோம். அது நிறையும் வரை கீழே எதுவும் போகாது, காய்ந்த நாள் கூடக்கூட வயிறும் கூடும். நிரலில் அதன் பெயரே அதுதான், ஆங்கில எழுத்தில்.

செப்டம்பர்: மண்டபத்தில் மறுபடியும்

இந்தத் தடவை ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் என்று எதையும் அறிவிக்கவில்லை. மூன்று நாள், நாலு நாள், ஐந்து நாள் என்று முறையை மாற்றிப் பார்க்க ஒரு நகர்த்தி மட்டும் வைத்து, போனை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டோம்.

மூன்றுக்கு மூன்று என்றால் 48 நாளில் எட்டு முறை, எட்டு தடவை நனைய வேண்டும், 120 மணி நேரம் போகும். நாலுக்கு நாலு என்றால் ஆறு முறைதான். ஒரு தடவைக்கு 16 மணி என்று வைத்தாலும் 96. மிச்சம் 24 மணி நேரம். ஒரு கன அடி தண்ணீர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 24 ஏக்கருக்கு ஓர் அங்குலம் கட்டலாம். 20 கன அடிக்கு 480 ஏக்கர். கீழ்ப் பகுதி முழுவதற்கும் ஓர் அங்குலத் தண்ணீர், யாரிடமும் பிடுங்காமல். ஏக்கரில் சொன்னபோது அவ்வளவாக யாரும் அசையவில்லை. அக்கா அதை மாவுக்கு மாற்றிச் சொன்னார். அப்புறம்தான் பேச்சு சூடுபிடித்தது.

ஐந்துக்கு ஐந்து இன்னும் மிச்சமாகும் என்று ஒரு இளைஞர் சொன்னார். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. களிமண் ஐந்து நாள் காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் வயலும் குடிக்க ஆரம்பிக்கும் என்றார். எங்கள் சிமுலேஷனில் வயலின் வெடிப்பு கிடையாது. அவர் பேச்சையே எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது கடினமானது. நாலுக்கு நாலு 192 மணி நேரம். கீழ்ப் பகுதிக்கு நனைய 16 மணி. அந்தச் செலவை இரண்டு பேரும் பாதிப் பாதி ஏற்றால் மேலுக்கு 88, கீழுக்கு 104. நனைந்தது போக இரண்டு பக்கத்துக்கும் 88. மேல் ஊருக்கு இது நட்டம்தான்: 48 நாளில் 576 மணியாக இருந்தது 528 ஆகும். அதை மறைக்காமல் அதே திரையில் காட்டினோம். மேல் ஊர்ப் பெரியவர் ஒருவர், "எங்க எட்டு மணி நேரத்த நாங்க ஏன் விடணும்?" என்று நேராகக் கேட்டார். அதற்கு ஆப்பில் பதில் கிடையாது. அக்காதான் பேசினார்: மேல் பகுதி உட்பட வாய்க்கால் முழுவதும் ஆகாயத்தாமரை எடுக்கக் கீழ் ஊர் ஆள் தரும். மேல் ஊர் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தது. கீழ் ஊர்ப் பையன்கள் ராத்திரியில் டார்ச்சோடு தங்கள் கரையில் ரோந்து வரக்கூடாது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. சரி என்றார்கள்.

அன்று நாங்கள் மறுத்த கோரிக்கை ஒன்று உண்டு. முறையில்லாமல் மதகைத் திறப்பவர்களைப் படத்தோடு குறிக்க ஆப்பில் ஒரு பொத்தான் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். எழுத ஒரு மாலை போதும். ஆனால் நிரலும் தரவும் திறந்தவை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வயல்காரர் பெயரோ படமோ ஒருமுறை ஏறினால் திரும்ப எடுக்க முடியாது. பால அளவுகள் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது; மாணவர்கள் இருவரும் பொத்தான் வேண்டும் என்ற பக்கம்.

பின்னர் நடந்தது

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை நாலுக்கு நாலு முறை ஓடியது. ஒரு முறை தவிர எல்லா முறையிலும் கடைசி சி வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டியது. தவறிய முறையில் மூன்றாவது பாலத்தின் கண்ணில் ஆகாயத்தாமரை அடைத்து நின்றது. எடுப்பதாகச் சொன்ன ஆட்கள் அந்த வாரம் நடவுக்குப் போய்விட்டார்கள். நனையும் நேரம் பதிமூன்று முதல் பதினேழு மணிக்குள் இருந்தது. சிமுலேஷன் சொன்னதிலிருந்து ஒன்றரை மணி முன்பின்.

இதை ஆப்பின் வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த வருடம் அணையில் தண்ணீர் இருந்தது, அக்டோபரில் மழையும் சேர்ந்துகொண்டது. 2023 போன்ற வருடத்தில் இந்த ஒப்பந்தம் நிற்குமா என்பதை இன்னும் சோதிக்கவில்லை.

நவம்பர் கடைசி வாரம் கனமழை. சம்பா வயல்கள் மூழ்கின. அக்கா போன் செய்து, "துருவுல பாத்துச் சொல்லு தம்பி, எப்ப வடியும்?" என்றார். அதற்கு விடை இல்லை. எங்கள் கணக்கில் தண்ணீர் மேலிருந்து கீழே மட்டும்தான் போகும். கடைமடையில் வடிகால் கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் இறங்கும், சில நேரம் எதிர்த்தே வரும். மஸ்கிங்கமால் அதைச் சொல்லவே முடியாது. "தெரியலக்கா" என்றேன். அவர் கோபப்படவில்லை, பெரியப்பாவைக் கேட்கிறேன் என்று வைத்துவிட்டார்.

மறுபடி செய்தால்

கரையில் கோடு போடுவதை ஜனவரியிலேயே தொடங்குவேன், நிரலை அதற்கப்புறம். தண்ணீர் இல்லாத மாதங்களில் எழுதியதால்தான் நாலு மாதம் கற்பனை வாய்க்காலோடு பழகினோம். வரவு செலவுச் சோதனையை முதல் நாளே எழுதுவேன். அது இருபது வரி.

ரஸ்ட் தேவைதானா என்று பலர் கேட்கிறார்கள். கடைசியில் மண்டபத்தில் முடிவைத் தந்த கணக்கு ஒரு எக்ஸல் தாளில் அடங்கும். அதை மறுக்கமாட்டேன். ஆனால் போனில், டவர் இல்லாமல், கையால் நகர்த்திப் பார்க்கும்படி இருந்ததுதான் பேச்சை மாற்றியது, அதற்கு இந்த வழி பொருந்தியது. பெரிய குறை வேறு. மாணவர்கள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். திறமூலம் என்பதால் வெளியூர்களிலிருந்து திருத்தங்கள் வருகின்றன. எல்லாம் நூலகப் பதிப்பை ஏற்றுவது, எழுத்துப் பிழை திருத்துவது. "வயிறு" என்ற பகுதியை யாரும் தொடவில்லை, தொட்டாலும் சரிபார்க்க என்னைத் தவிர ஆள் இல்லை. நிரலோடு தமிழில் ஒரு விளக்கக் கோப்பு எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாதி ஆகியிருக்கிறது.

பெரியப்பா பால அளவுகளை இப்போதும் நோட்டில்தான் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் பேத்தி அதைப் போனில் ஏற்றுகிறாள். நவம்பர் மழையில் நான்காவது பாலத்தில் பெயிண்ட் உரிந்துவிட்டது. ஜனவரி 28க்கு மேல் அணை மூடித் தண்ணீர் வற்றிய பிறகுதான் இறங்கி அடிக்க முடியும். அதுவரை அந்த ஒரு பாலத்துக்கு அவர் கண் மதிப்பையே போட்டுக்கொண்டிருக்கிறோம்.